நாற்பதுக்கு மேல் லாரி: லைசென்ஸ் கிடைக்கும், கிளீனர் காலம் கிடைக்குமா?

லாரி ஓட்டக் குறைந்தபட்சம் 20 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். மேல் வரம்பு என்று எதையும் அது வைக்கவில்லை. 45 வயதிலோ 52 வயதிலோ ஒருவர் முதன்முறையாகக் கனரக வாகன லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். கண்ணும் காதும் ஒத்துழைத்தால் வாங்கியும் விடலாம்.

சென்னையைச் சுற்றி இருப்பவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் கார் உற்பத்தி நின்றது. இவை செய்தியில் வந்தவை. அம்பத்தூரிலும் கிண்டியிலும் சத்தமில்லாமல் ஷட்டர் இறக்கிய பட்டறைகளுக்கும் அச்சகங்களுக்கும் செய்தி கிடையாது. நாற்பதைத் தாண்டி வெளியே வந்து நிற்பவரிடம் மற்ற இடங்களில் வயதைத்தான் முதலில் கேட்கிறார்கள். லாரி ஆபீஸில் கேட்பது வேறு: "இதுக்கு முன்னாடி எந்த வண்டி ஓட்டிருக்கீங்க அண்ணே?"

தடங்கல் அந்த இடத்தில்தான். வயதை மன்னிக்கிற தொழில் இது, பழக்கமில்லாததை மன்னிக்காது. பழக்கம் எப்படி வந்தது, இப்போது அது எங்கே கிடைக்கும் என்பதைப் புரிந்துகொண்டால்தான், பிந்தி வருகிறவர் எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும் என்பது தெரியும். லைசென்ஸ் அதில் சின்னப் பகுதி. அதை முதலில் முடித்துவிடலாம்.

சரக்கு வாகனங்களைச் சட்டம் மொத்த எடையை வைத்துப் பிரிக்கிறது. வண்டியும் சரக்கும் சேர்ந்து 7,500 கிலோ வரை இலகுரகம், 12,000 கிலோவைத் தாண்டினால் கனரகம், இடைப்பட்டது நடுத்தரம். கனரகத்துக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போட வேண்டுமானால், இலகுரக லைசென்ஸ் கையில் வந்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்தே தேர்வு. அதற்குள் டிரைவிங் ஸ்கூல் தரும் படிவம் 5 சான்றிதழும் வேண்டும். எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2019-ல் அதை நீக்கிவிட்டார்கள். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், சரக்கு வாகன லைசென்ஸின் ஆயுளை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்த்தியது. பெட்ரோல், கேஸ், ரசாயனம் ஏற்றுவதற்கான தனி அனுமதிக்கு மட்டும் 3 ஆண்டு. அதற்கு மூன்று நாள் வகுப்பு முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். புதுப்பிக்கும்போது ஒரு நாள் வகுப்பு.

பிந்தி வருகிறவருக்கு இவை எல்லாவற்றையும்விடப் பயன்படுவது ஒரு தீர்ப்பு. சாதாரணக் கார் லைசென்ஸ் வைத்திருப்பவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி அனுமதி எதுவும் இல்லாமல் ஓட்டலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் முகுந்த் தேவாங்கன் வழக்கில் சொன்னது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் விடாமல் எதிர்த்தன. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதையே உறுதி செய்தது. அதாவது, பத்து வருடமாகக் காருக்கான லைசென்ஸை பர்ஸில் வைத்திருக்கும் ஒருவர் நாளைக் காலையே குட்டி யானை, தோஸ்த் போன்ற சின்னச் சரக்கு வண்டியில் ஏறி உட்காரலாம். பலருக்கு இது தெரிவதில்லை. கனரக லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் சரக்கு ஓட்ட முடியும் என்று நினைத்து, சம்பளமில்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

கிளீனர் காலம்

பழைய வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதினைந்து, பதினாறு வயதுப் பையன் கிளீனராக, அதாவது டிரைவரின் எடுபிடியாக, வண்டி ஏறுவான். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்தது இதுதான். டிரைவர் தூங்கும்போது கண்ணாடி துடைப்பான், ஓரமாக நிறுத்தி ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்குவான், ஆள் இல்லாத ரோட்டில் "கொஞ்சம் பிடிடா" என்று ஸ்டேரிங் கைக்கு வரும். மூன்று நான்கு வருடம் அப்படிப் போகும். திட்டும் அடியும் அதில் அடக்கம். அந்த முறையை நான் கொண்டாடவில்லை. ஆனால் அந்த வருடங்களில் அவன் கற்றுக்கொண்டதில் ஓட்டுவது ஒரு பங்குதான்.

டயரை இரும்புக் கம்பியால் தட்டி, சத்தத்தை வைத்தே காற்று இறங்கியிருப்பதைக் கண்டுபிடிப்பான். பின்னால் இரட்டை டயர்களுக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பான். சிக்கிய கல் டயரையும் கெடுக்கும், பின்னால் வருகிற பைக்காரன் மேல் தெறிக்கவும் செய்யும். தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுவதில் எந்த இடத்தில் இறுக்க வேண்டும், மழைத் தண்ணீர் தேங்காமல் எப்படி மேடு வைக்க வேண்டும் என்பது கைக்கு வந்திருக்கும். சிமென்ட் மூட்டையை அடுக்குவதும் இரும்புக் கம்பியை ஏற்றுவதும் ஒன்றல்ல என்று தெரியும். கம்பி லோடு வண்டி பிரேக் அடிக்கும்போது சரக்கு கேபினை நோக்கி வரும் என்பதை யாரும் பாடம் எடுக்க வேண்டியிருந்ததில்லை. இடது பக்கம் டிரைவருக்குத் தெரியாத இடம். அந்தக் கதவைத் தட்டித் தட்டி ரிவர்ஸ் எடுக்க வைத்தவன் அவன். அதனாலேயே பின்னாளில் தான் டிரைவரானபோது, தெரியாத இடம் எது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

டிரைவிங் ஸ்கூல் இதைத் தர முடியாது. சரக்கு வாகனப் பயிற்சிக்கு விதி கேட்பது 30 நாள். அதில் உண்மையில் ஸ்டேரிங் பிடிக்கும் நேரம் 15 மணி. 2021-க்குப் பிறகு வந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் வகுப்பும் ஓட்டுதலும் சேர்த்து ஆறு வாரத்தில் 38 மணி நேரம். இதைவிட நன்றாகச் செய்யும் இடங்கள் தமிழ்நாட்டில் உண்டு. தரமணியில் தலைமை வைத்திருக்கும் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக ஓட்டுநர் பயிற்சிப் பிரிவு நடத்துகிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் ஓட்டுநர் பயிற்சி நிலையம் 1990-களிலிருந்து இயங்குகிறது. தெருமுனை ஸ்கூலில் காலி லாரியில் மைதானத்தைச் சுற்றிவிட்டு வருவதைவிட, பணமும் நாளும் கூடச் செலவானாலும் இப்படிப்பட்ட இடத்தில் சேர்வதே மேல். ஆனாலும் காலி வண்டியும் லோடு வண்டியும் ஒரே வண்டி அல்ல. லோடு ஏற்றிய பத்து சக்கர டாரஸின் மொத்த எடை சட்டப்படியே 28.5 டன் வரை போகலாம். அந்த எடை ஸ்டேரிங்கில் எப்படிப் பேசுகிறது என்பது மைதானத்தில் தெரியாது.

கிளீனர் சீட்டே இப்போது காலியாகிக்கொண்டிருப்பதுதான் இதில் கசப்பு. நேஷனல் பர்மிட் (நாடு முழுக்க ஓடும் அனுமதி) வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2018-ல் எடுத்துவிட்டார்கள். உரிமையாளருக்கு ஒரு சம்பளம் மிச்சம். படித்த பிள்ளைகள் கிளீனராக வருவதில்லை. வர வேண்டும் என்று நாமும் சொல்ல முடியாது. ஆக, இன்றைக்கு இருபத்திரண்டு வயதில் புதிதாக வருகிற பையனுக்கும் அந்தப் பயிற்சிக் காலம் இல்லை, நாற்பத்தைந்தில் வருகிறவருக்கும் இல்லை. டிரைவர் கிடைப்பதில்லை என்று உரிமையாளர்கள் புலம்புவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அவர்களே அடைத்த வாசல் அது. நாற்பத்தைந்துக்காரருக்கு இதில் ஒரு லாபம்: ஒப்பிட்டுப் பார்க்க முன்னைப் போல அனுபவமுள்ள இளைஞர்கள் வரிசையில் நிற்பதில்லை.

இருபது வருடம் கார் ஓட்டியவருக்கு ஒரு சங்கடம் அதிகம். அவர் மறக்க வேண்டியது நிறைய. காரில் பிரேக்கை மிதித்தால் உடனே பிடிக்கும். லாரியில் காற்று குழாய் வழியாக ஓடிச் சக்கரத்தைச் சேர ஒரு சிறு நேரம் எடுக்கும். அதற்குள் வண்டி பல அடி போயிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிளம்ப முடியாது, டாங்கில் காற்று ஏறி மீட்டர் சொல்லும் வரை நிற்க வேண்டும். திருப்பத்தில் முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது, உள்ளே வெட்டும். அதனால் முனையைத் தாண்டிப் போய்த்தான் ஒடிக்க வேண்டும். டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது வலப்பக்கம் போக ஸ்டேரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது காரில் வெறும் கெட்ட பழக்கம், லாரியில் சாவு. என்ஜின் பிடிமானம் போய்விட்டால் முழுப் பாரமும் பிரேக் மேல் விழுகிறது. சூடேறிய பிரேக் பிடிப்பதை நிறுத்திவிடுகிறது. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாயில் மாற்றி மாற்றி நடக்கும் விபத்துகளில் இந்தக் கதை திரும்பத் திரும்ப வருகிறது.

சென்னை தரும் வாசல்கள்

கிளீனர் காலத்துக்கு ஈடாக இப்போது ஏதாவது உண்டென்றால், அது குறுகிய தூர ஓட்டம்தான். அதற்குச் சென்னையைப் போன்ற ஊர் தமிழ்நாட்டில் வேறில்லை. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று ஒரே கடற்கரையில் மூன்று துறைமுகம். மேற்கே ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள். நடுவே மாதவரம், மணலி, திருவொற்றியூர், செங்குன்றம் என்று கன்டெய்னர் கிடங்குகளும் லாரி ஷெட்களும். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இவற்றையெல்லாம் இணைக்கிறது. இரவு வீட்டுக்கு வந்து படுக்கக்கூடிய லாரி வேலை இங்கே உண்டு. எல்லாம் ஒரே தரம் அல்ல.

முதல் படியாக நான் சொல்வது, மேலே சொன்ன 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டி. வால்டாக்ஸ் ரோடு பார்சல் ஆபீஸ்களுக்கும் கோயம்பேட்டுக்கும் ஓடும் சின்ன வண்டிகளில் ஒரு வருடம் இருந்தால், ரிவர்ஸ், சந்து, லோடு அடுக்குவது, பில் வாங்குவது, போலீஸ்காரரிடம் பேசுவது எல்லாம் கைக்கு வரும். சம்பளம் குறைவு. ஆனால் இங்கே உரசினால் பம்பர் போகும். பெரிய வண்டியில் உரசினால் உயிர் போகும்.

துறைமுகக் கன்டெய்னர் டிரெய்லர் வெளியே இருந்து பார்க்கக் கவர்ச்சியானது. தூரம் குறைவு, டிரிப் கணக்கில் காசு. ஆனால் அதே டிரிப் கணக்குதான் ஆளைக் கொல்வதும். துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கியும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நிற்கிற நேரத்துக்குப் பெரும்பாலும் கூலி இல்லை. தூக்கமும் இல்லை, ஏனென்றால் வரிசை அடி அடியாக நகரும். கழிவறைக்கு இறங்கிப் போனால் இடம் போய்விடும். இருபத்தைந்து வயதில் இதைத் தாங்கலாம். துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரையிலான பறக்கும் சாலைக்கு 2022-ல் இரண்டாம் முறையாக அடிக்கல் நாட்டினார்கள். அது முடிந்து வரிசை கரைந்தால் இந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளலாம்.

தண்ணீர் லாரி சென்னைக்கே உரியது. எளிதாக ஆள் எடுப்பார்கள். ஆனால் அதில் ஒரு பௌதிகம் இருக்கிறது: டாங்க் நிரம்பியிருந்தாலும் காலியாக இருந்தாலும் வண்டி சொன்னபடி கேட்கும், பாதி தண்ணீரோடு இருக்கும்போதுதான் ஆபத்து. பிரேக் அடித்தால் தண்ணீர் முன்னே வந்து மோதி வண்டியைத் தள்ளும், திருப்பினால் ஒரு பக்கம் ஏறும். ஒரு தெருவில் பாதி இறக்கிவிட்டு அடுத்த தெருவுக்கு அவசரமாகப் போகும் வண்டி, கற்றுக்குட்டிக்கு ஏற்றதல்ல. கான்கிரீட் மிக்சரும் அப்படித்தான். பாரம் உயரத்தில் இருக்கிறது, டிரம் சுழல்கிறது, வளைவில் வேகம் சற்றுக் கூடினாலும் சாய்ந்துவிடும். ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றும் டிப்பர் பக்கம் புதியவர்கள் போகவே வேண்டாம் என்பேன். டிரிப் எண்ணிக்கைக்காகப் பறக்கும் வேலை அது.

பிந்தி வருகிறவருக்கு நல்ல இடம், ஆலைகளுக்கு உதிரிபாகம் கொண்டுபோகும் நேர அட்டவணை வண்டிகள். ஒரு கார் கம்பெனி தன் சப்ளையர்கள் நான்கைந்து பேரிடம் வரிசையாகப் போய்ச் சரக்கு எடுத்துவரச் சொல்லும். மில்க் ரன் என்பார்கள். ஒரே ரூட், ஒரே நேரம், கேட்டில் ஆவணச் சோதனை, யூனிபார்ம், ஷூ. லைனுக்குச் சரக்கு போக வேண்டிய நேரம் தவறினால் உற்பத்தி நிற்கும் என்பதால், வேகத்தைவிட ஒழுங்குக்குத்தான் அங்கே மதிப்பு. ஆலையில் ஷிப்ட் பார்த்தவருக்கு இந்தப் பாஷை ஏற்கெனவே தெரியும். பெட்ரோல் டாங்கரும் பிற்பாடு நல்ல வேலை: தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை முனையங்களிலிருந்து பங்க்குகளுக்குப் போகும் வண்டிகளில் விதிகள் கறார், ஆபத்துச் சரக்கு அனுமதி கட்டாயம். இரண்டு மூன்று வருடம் கனரகம் ஓட்டிய பிறகு யோசிக்கலாம்.

தொலைதூரம் கடைசியில். சென்னையிலிருந்து பெங்களூரு சுமார் 350 கிலோமீட்டர், மும்பை 1,300-க்கு மேல், டெல்லி 2,200. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் நடுவே அரை மணி ஓய்வு என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அளவு போட்டது. ஆந்திர எல்லையில் எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டி வடக்கே போகும் ஒற்றை டிரைவரிடம் அதைச் சொன்னால் சிரிப்பார்.

ஆவணம் ஒன்றில் மட்டும் பிந்தி வருகிறவர்தான் ஜெயிப்பார். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கோடு போகும் ஆன்லைன் சீட்டு, வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சம். அந்தப் பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லும். வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றினால் வண்டி எண்ணையும் பில்லில் மாற்ற வேண்டும். மாற்றாமல் பிடிபட்டால் அபராதம் சரக்குக்காரருக்கு, ஆனால் வண்டியோடு ரோட்டோரம் நாள்கணக்கில் கிடப்பது டிரைவர். இருபது வருடம் ஸ்டோர்ஸில் பில் பார்த்தவர் கிளம்பும் முன்பே பில்லில் இருக்கும் பிழையைப் பிடித்துவிடுவார். உரிமையாளர்கள் இதன் அருமையைச் சீக்கிரமே உணர்ந்துகொள்கிறார்கள்.

உடம்பு

சரக்கு வாகன லைசென்ஸுக்கு டாக்டர் தரும் படிவம் 1ஏ வேண்டும், ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும். அதில் கேட்பது சொற்பம்: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் ஒரு காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா, காது எவ்வளவு கேட்கிறது. பல இடங்களில் இதைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல் சீல் குத்திக் கொடுக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் சான்றிதழ் கிடைத்ததென்று மகிழ்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வருகிறது. டேஷ்போர்டில் காற்று மீட்டர் மங்கும், தூரத்து ரோடு தெளிவாகத் தெரியும். ஒரே கண்ணாடியில் இரண்டும் சரியாக வேண்டும். எதிரே வரும் ஹைபீம் வெளிச்சம் கண்ணில் பட்டபின் பார்வை திரும்ப எடுக்கும் நேரம் வயதோடு கூடுகிறது. அதிகாலை 2 மணி முதல் 5 மணி வரை எல்லா உடம்பும் தூக்கத்துக்கு இழுக்கும். குறட்டை பெரிதாக விட்டு, பகலெல்லாம் அசதியாக இருப்பவர்களுக்கு அந்த இழுப்பு பகலிலும் வரும். அது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். வண்டி ஏறும் முன் பரிசோதித்தே ஆக வேண்டும். சுகருக்கு இன்சுலினோ சிலவகை மாத்திரையோ எடுப்பவர் சாப்பாட்டு நேரம் தவறினால் லோ சுகர் ஆகி, ஸ்டேரிங்கிலேயே நினைவு தடுமாறலாம். பிபிக்குத் தரும் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகமாக்குபவை. மணலி வரிசையில் நிற்கிறவருக்கு அது என்ன பாடு என்று டாக்டருக்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். நேரம் மாற்றித் தருவார் அல்லது மருந்தை மாற்றித் தருவார். சளிக்குச் சாப்பிடும் சாதாரண மாத்திரைகூடத் தூக்கம் வரவைக்கும்.

கேபினிலிருந்து குதித்து இறங்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளக் கூடாது. முழங்கால் ஒருமுறை போனால் கிளட்ச் மிதிக்க ஆள் இல்லை. 2025 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயமாகியிருக்கிறது. சித்திரை வெயிலில் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவர்களுக்குத்தான் இதன் மதிப்பு தெரியும். ஆனால் பிந்தி வருகிறவர் கையில் முதலில் தரப்படுவது பழைய வண்டியாகத்தான் இருக்கும்.

கணக்கு

சம்பளம் பல வடிவத்தில் வரும். மாதச் சம்பளமும் டிரிப்புக்குப் படியும், வாடகையில் பங்கு, கிலோமீட்டர் கணக்கு. டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று அளந்து கொடுத்து, மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு, கூடினால் அவர் கணக்கில் கழிப்பு என்ற ஏற்பாடும் உண்டு. பழகாதவர் இந்தக் கடைசி ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. கியர் போடக் கற்றுக்கொள்ளும் காலத்தில் டீசல் கூடத்தான் குடிக்கும்.

பெரும்பாலானோர் கவனிக்காத ஒரு கணக்கு பி.எஃப். ஓய்வூதியத்தில் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டப்படி மாத ஓய்வூதியம் கிடைக்க 10 ஆண்டு சேவை வேண்டும். 58 வயதோடு கணக்கு முடிகிறது. பி.எஃப். என்றால் என்னவென்றே தெரியாமல் இருந்த ஒருவர் 49 வயதைத் தாண்டி முதன்முறையாக அதில் சேர்ந்தால், பத்து ஆண்டை எட்டவே முடியாது. ஆனால் முன்பு ஆலையில் ஆறு வருடம் வேலை செய்து பி.எஃப். பிடித்தவருக்கு இன்னும் நான்கு வருடம் போதும். அந்தப் பழைய சேவை உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வேலை போன பதற்றத்தில் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஆறு வருடமும் போயிற்று. அதை எடுக்காமல், பழைய சேவையைக் காட்டும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்திருந்தால் தொடரும். ஆகவே 20 பேரோ அதற்கு மேலோ வைத்து பி.எஃப். பிடிக்கும் போக்குவரத்துக் கம்பெனி, மாதம் இரண்டாயிரம் குறைவாகக் கொடுத்தாலும், ரொக்கமாக அதிகம் தரும் ஒற்றை லாரி முதலாளியைவிட இவருக்கு லாபம். ஒற்றை லாரியில்தான் வேலை என்றால், அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான மாநில நல வாரியத்தில் 60 வயதுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். விபத்து இழப்பீடு கணக்கிடும் முறையிலும் வயது வருகிறது: தொழிலாளர் இழப்பீட்டு விதிகளில் சம்பளத்தோடு பெருக்கும் எண், வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே போகிறது. அதே கால் முறிவுக்கு ஐம்பது வயதுக்காரருக்குக் கிடைப்பது முப்பது வயதுக்காரரைவிடக் குறைவு.

சிறை பயமும் கணக்கில் சேர்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் அதிகபட்சம் 2 ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 5 ஆண்டு. மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு என்ற பிரிவும் எழுதப்பட்டிருந்தது. 2024 ஜனவரியில் நாடு முழுக்க லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அந்தப் பிரிவை மட்டும் நிறுத்திவைத்துத்தான் சட்டம் அமலுக்கு வந்தது. அடி விழும் என்ற பயத்தில்தான் பல டிரைவர்கள் ஓடுகிறார்கள் என்பது ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு நேராக வண்டியை விட்டுத் தகவல் சொல்வதே அந்த நேரத்தில் செய்யக்கூடியது.

செட்டில்மென்ட் பணத்தில் சொந்த லாரி வாங்கும் யோசனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓட்டத் தெரியாதவர் லாரி வாங்குவது நீச்சல் தெரியாமல் படகு வாங்குவது. இரண்டாம் கை வண்டி மலிவாகத் தெரியும். ஆனால் சாதாரண லாரிக்கு 12 ஆண்டு, பல அச்சு வண்டிக்கு 15 ஆண்டு தாண்டினால் நேஷனல் பர்மிட் கிடையாது. 8 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒவ்வொரு வருடமும் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்ட வேண்டும். இன்சூரன்ஸ், காலாண்டு வரி, டயர், தவணை எல்லாம் லோடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தேதி தவறாமல் வரும். வாடகையோ புரோக்கர் ஆபீஸில் பாதி அட்வான்ஸாகவும் மீதி எப்போதோவுமாக வரும். மூன்று வருடம் பிறர் வண்டியில் ஓட்டி, எந்த ரூட்டில் திரும்பும் லோடு கிடைக்கிறது, எந்தப் பார்ட்டி பணம் தருகிறான் என்று தெரிந்துகொண்ட பிறகு வாங்கினால் அது வேறு விஷயம்.

முதல் வேலைக்குப் போகும்போது கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை சில உண்டு. எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் எந்தத் தேதி வரை இருக்கிறது, அந்த இன்சூரன்ஸில் சம்பள டிரைவருக்கான பிரீமியம் கட்டியிருக்கிறார்களா, இ-சலான் (போக்குவரத்து அபராதச் சீட்டு) வந்தால் யார் கணக்கு, சரக்கு குறைந்தால் யார் பொறுப்பு, நிற்கிற நாளுக்குப் படி உண்டா. இவற்றைத் தெளிவாகக் கேட்கிற ஆளைப் பார்த்து முகம் சுளிக்கிற முதலாளியிடம் சாவியை வாங்காமலே திரும்பிவிடலாம். முதல் இரண்டு வாரம் பழைய டிரைவரோடு இடப்பக்கம் உட்கார்ந்து வருகிறேன், சம்பளம் பாதி போதும் என்று சொல்லிப் பார்க்கலாம். பலர் ஒப்புக்கொள்கிறார்கள். வண்டி அவர்களுடையது, அவர்களுக்கும் பயம் இருக்கத்தான் செய்கிறது.